ஆறரை மணி விரல்கள்

அன்று காலை சர்ச் வாசலில் நின்றவர்கள்:

குருவானவர் சுந்தர்சிங். ஆறடி உயரம். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுப்பார். அவரிடம் கை கொடுத்தவர்கள் கொஞ்ச தூரம் கையை உதறிக்கொண்டே நடப்பார்கள்.

தேவபிரசாதம். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளை விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். இப்போது எட்டரைக் கட்சித் தலைவர். அது என்ன கட்சி என்பது கீழே வரும்.

கிருபை. அவர் மனைவி. இடுப்பில் பிள்ளையைப் போல ஒரு பூசணிக்காய்.

ஜெயபாய். அவர்கள் மருமகள். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள்.

பொன்னுதுரை. பலசரக்குக் கடைக்காரர். ஆறரைக் கட்சி.

டாக்டர் ஞானதீபம். பிரசவக் கேஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோயிலுக்கு வருகிறவர்.

இவர்களோடு சபையார். ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த சேவல்கள், வாழைத்தார்கள், கயிற்றில் ஒரு வெள்ளாடு.

வராதவன் ஒருவன்தான். ஜெயபாயின் புருஷன் எஸ்றா. புதுத் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, எதிர்த் தெருவில் இருக்கும் வீட்டில் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கட்சி விவகாரம் இதுதான். தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த சுந்தர்சிங் ஐயா, வந்த வேகத்தில் எட்டரை மணி ஆராதனையை ஆறரைக்கு மாற்றினார். கடை திறக்கிறவர்களுக்கு வசதி. ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்றிருந்தவர்களுக்கு அநியாயம். சபை இரண்டாகப் போயிற்று. கமிட்டி எலெக்‌ஷனில் தேவபிரசாதம் நின்றார், தோற்றார்.

அதற்கப்புறம்தான் ஆர்கன் இழுக்க ஆரம்பித்தது.

காலை ஆராதனையில் முதல் பாமாலை, மணலில் மாட்டிக்கொண்ட மாட்டுவண்டி மாதிரி நகரும். பாடுகிற பெண்கள் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் முகம் சிவந்து நிற்பார்கள். அதே ஜெயபாய் சாயங்கால ஆராதனையில் உட்கார்ந்தால் பாட்டு ஓடும். சாயங்காலம் நடத்துகிறவர் உபதேசியார். காலையில் நடத்துகிறவர் சுந்தர்சிங் ஐயா. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாமனார் தோற்றதற்கு மருமகள் ஐயாவைப் பழிவாங்குகிறாள் என்று ஆறரைக் கட்சி தீர்மானித்தது. எட்டரைக் கட்சியும் அதையேதான் தீர்மானித்தது. இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

தேவபிரசாதத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெத்த மவன் எனக்காக ஒரு வார்த்தை பேசலை. வந்த மருமவ பேசுதா. வாயால இல்லவே, விரலால!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஜெயபாய் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

உண்மை என்னவென்றால், காலையில் அவள் விரல்கள் மடங்குவதில்லை.

கண் விழித்ததும் இரண்டு கையும் விறைத்துக் கிடக்கும். யாருடைய கையையோ கொண்டுவந்து மாட்டிவிட்ட மாதிரி. விரல் தொடங்குகிற கணுக்கள் இரண்டு கையிலும் ஒன்றுபோல வீங்கியிருக்கும். ரவிக்கை ஊக்கைப் போட முடியாது. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. தரையில் கால் வைத்தால் சரளைக் கல்லில் வைத்தது போல இருக்கும். அடுப்படியில் வெந்நீர் போட்டு, யாரும் பார்ப்பதற்கு முன்னால் கையை அதில் அமுக்கி வைத்துக்கொள்வாள். வெயில் முற்றத்துக்கு வரும்போது விரல்கள் கொஞ்சம் இளகும். சாயங்காலம் அவளுடைய விரல்கள் அவளிடம் திரும்பி வந்துவிடும்.

ஆறரை மணிக்கு அவளிடம் இருந்தது கட்டை. அதை வைத்துக்கொண்டு அவள் வாசித்ததே பெரிய காரியம்.

எஸ்றா இதில் எதையும் பார்த்ததில்லை. அவன் காலையில் வந்து விழுந்தால் மத்தியானம்தான் எழுவான். அவன் பார்த்ததெல்லாம் சாயங்காலத்து ஜெயபாயைத்தான்.

ஏன் அவள் யாரிடமும் சொல்லவில்லை? அதற்கு அவளுடைய ஊருக்குப் போக வேண்டும். நாசரேத்தில் படிக்கும்போது, கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடப் பாடகர் குழுவைத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் பாட அழைத்துப்போவார்கள். பாட்டு முடிந்ததும் அங்கே இருப்பவர்கள் கை தட்டுவார்கள். மடங்கிப்போன விரல்கள். தட்டினால் சத்தம் வராத கைகள். ஜெயபாய் முன்வரிசையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறாள்.

போன ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள், ஆர்கன் கட்டைமேல் தன் சுண்டுவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். இதுவும் அந்த வியாதிதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

அன்றைக்கே பாத்திரக் கடையில் தன் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கினாள். வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. பாயை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனாள். எஸ்றாவுக்குப் பகல் தூக்கம் கெடுகிறது என்று காரணம் சொன்னாள். கல்யாண மோதிரத்தைச் சோப்பு போட்டு உருவி எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அது கடைசி முத்துக்குளிப்பின்போது தேவபிரசாதம் கரையில் நின்று ஏலத்தில் பிடித்த முத்து வைத்த மோதிரம். கணுவில் சதை ஏறி அது இறுகிவிட்டிருந்தது.

தனி டம்ளரைப் பார்த்துக் கிருபை, நம்ம எச்சில் அவளுக்கு ஆகாது என்று நினைத்தாள். டம்ளர், பாய், மோதிரம் மூன்றையும் எஸ்றா சேர்த்துப் பார்த்தான். இவளுக்கு நான் வேண்டாம் என்று நினைத்தான். போன வாரம் சோற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு சேதி சொன்னான். வெளிநாட்டுக் கப்பலில் வேலை இருக்கிறது, திங்கட்கிழமை ஏஜெண்டிடம் பதில் சொல்ல வேண்டும்.

"போயிட்டு வாங்க" என்றாள் ஜெயபாய். தூரமாக இருந்தால் அவனுக்கு ஒட்டாது என்பது அவள் கணக்கு.

அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு.

*

பண்டிகை நாளில் சமாதானம் செய்துவிடுவது என்று சுந்தர்சிங் ஐயா முடிவு செய்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் எதையும் பலத்தோடு செய்கிறவர்.

ஜெயபாய் எப்போதும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவாள். அன்றைக்குக் கிருபை பூசணிக்காயோடு அந்தக் கதவில் நுழைய முடியாததால் இருவரும் பெரிய வாசலுக்கு வந்தார்கள். ஐயா நாலு எட்டில் வந்து அவள் முன்னால் நின்றார்.

"சகோதரி, கர்த்தருடைய வீட்டில் நமக்குள்ளே பகை வேண்டாம்" என்று சபை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். அவள் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றினார். அழுத்திக் குலுக்கினார்.

ஜெயபாய் போட்ட கூச்சலில் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

கூச்சல் என்றால் சின்னக் கூச்சல் இல்லை. பாடிப் பழகிய தொண்டை. கிருபை பூசணிக்காயைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டது ஆச்சரியம். சேவல்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின.

"ஐயோ, கையை ஒடிச்சிட்டாருவே!" தேவபிரசாதம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "தோத்தவன் வீட்டுப் பொம்பளப் பிள்ளைமேலயா உம்ம வீரத்தைக் காட்டுதீரு?"

"நான் மெதுவாத்தான் பிடிச்சேன்" என்றார் ஐயா. முகம் வெளுத்துவிட்டது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெதுவாவா? ஆட்டைப் பாரும், அது எங்க போய் நிக்கி!"

பொன்னுதுரை விடவில்லை. "மாஸ்டரே, நடிப்புவே இது! ஆறரையைக் கெடுக்க உம்ம மருமவ போடுத நாடகம். சாயங்காலம் மட்டும் இந்தக் கை எப்படி ஓடுது?"

ஜெயபாய் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்றோடு தெரிந்துவிடும் என்று நினைத்தாள். எல்லார் முன்னாலும்.

ஒரு குடை கூட்டத்துக்குள் நுழைந்து ஆட்களை இரண்டு பக்கமும் தள்ளியது. குடைக்குப் பின்னால் டாக்டர் ஞானதீபம் வந்தார். குட்டையான பெண். தள்ளுவதில் அனுபவம் உள்ளவர்.

"சாயங்காலம் மட்டும் ஓடுதா?" என்று பொன்னுதுரையிடம் கேட்டார். "காலையில மட்டும் ஓடலையா? நிச்சயமா?"

"நிச்சயம் டாக்டரம்மா. ஊரே சொல்லும். ஈஸ்டர்ல இருந்து இதே கூத்துதான்."

"ரொம்ப நல்ல சாட்சி அண்ணாச்சி நீங்க" என்று சொல்லிவிட்டு, ஜெயபாயைத் தோளில் பிடித்துத் தூக்கினார். "ஏளா, வெஸ்ட்ரிக்கு வா."

*

வெஸ்ட்ரி என்பது ஐயா அங்கி மாட்டுகிற சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. கிருபையும் உள்ளே வந்துவிட்டாள்.

"நீங்க வெளிய இருங்க" என்றார் டாக்டர்.

"நான் அவ மாமியா."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

கிருபை நகரவில்லை. "சரி, அந்தப் பூசணிக்காயையாவது கீழ வைங்க" என்றார் டாக்டர். அதற்கு மட்டும் கிருபை சம்மதித்தாள்.

டாக்டர் ஜெயபாயின் இரண்டு கைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கணுவாகத் தன் கட்டைவிரலால் தொட்டார். கணுக்கள் சூடாக இருந்தன. அமுக்கினால் உள்ளே பஞ்சு போலப் போயிற்று. விரல் நுனிக் கணுக்களில் வீக்கம் இல்லை. மணிக்கட்டில் இருந்தது.

"காலையில விறைப்பு எவ்வளவு நேரம்?"

"வெயில் முற்றத்துக்கு வார வரைக்கும்."

"காலு?"

"ஆர்கன் பெடலை மிதிக்கும்போது விரலுக்கு அடியில குத்தும்."

"மத்தியானம் ஆனா அசந்து போகுதா? லேசா காய்ச்சல்?"

"ஆமா."

"ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு டாக்டரம்மா" என்றாள் கிருபை. "நான் வச்ச குழம்பு அவளுக்கு இறங்கலைன்னு நினைச்சேன். விரல் லேசா வீங்கினதுக்குக் கடல் காத்து வாதம்னு பக்கத்து வீட்ல சொன்னா. துணி சோப்பைக்கூட மாத்திப் பாத்தாச்சு."

"டாக்டர்கிட்ட மட்டும் காட்டலை."

கிருபை பூசணிக்காயைப் பார்த்தாள்.

டாக்டர் ஜெயபாயின் முழங்கையைத் தடவிப் பார்த்தார். கை, கழுத்து, கன்னத்துத் தோலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் என்ன தேடுகிறார் என்று ஜெயபாய்க்குத் தெரிந்தது. மாமியார் நிற்கிறாள். நின்றால் நிற்கட்டும்.

"பெருவியாதிதானே டாக்டரம்மா?"

வெளியே கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. கிருபை வாயைத் திறந்தாள். அவள் வாழ்க்கையில் அபூர்வமாக, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நாசரேத்தா நீ?"

"ஆமா."

"அப்போ ஆஸ்பத்திரியில கிறிஸ்மஸ் பாட்டு பாடியிருப்ப. அங்கன யாராவது, விரல் கணு வலிக்குது, தூக்கம் வரலைன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

ஜெயபாய் யோசித்தாள். "இல்லை. அடுப்புல சுட்டாக்கூடத் தெரியலைன்னுதான் சொல்லுவாங்க."

"உனக்கு?"

"துணி பட்டாலே உயிர் போகுது."

"கண்ணை மூடு."

மூடினாள். டாக்டர் கைக்குட்டை நுனியைத் திரித்தார்.

"எந்த விரலைத் தொடுதேன்?"

"சுண்டுவிரல்."

"இப்போ?"

"மோதிர விரல். உள்பக்கம்."

"இப்போ?"

"கட்டைவிரல்."

"இப்போ?"

"நீங்க தொடலை."

டாக்டர் சிரித்துவிட்டார். "கண்ணைத் திற. தோல்ல தேமல் இல்லை, உணர்ச்சி போகலை, நரம்பு தடிக்கலை. இது அது இல்லை."

ஜெயபாய்க்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அழுகை வரும் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. வலிக்கிற கையால் வாயைப் பொத்தினாள். வலித்தது. அந்த வலியை நினைத்து மறுபடி சிரித்தாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ" என்றார் டாக்டர். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "அதுவே ஆனாலும் அதுக்கு மாத்திரை இருக்கு. டம்ளரைத் தனியா வைக்கது வைத்தியம் இல்லை. படிச்ச பிள்ளை, மாசக்கணக்கா மனசுக்குள்ள வச்சுப் புழுங்கியிருக்க. அறிவு வேண்டாம்?"

"அப்போ இது என்ன?"

"ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னுதான் நினைக்கேன். மூட்டுக்குள்ள ஒரு சவ்வு இருக்கு. உடம்பு தன்னோட சவ்வையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. அது வீங்குது."

"நம்ம சபை மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் கிருபை. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"அதே. வெறும் கை வலின்னா ஒரு கையில வரும், வேலை செய்யச் செய்யக் கூடும். இது ரெண்டு கையிலயும் ஒண்ணுபோல, சின்னச் சின்ன மூட்டுல, காலையில விறைப்பா வருது. புழங்கப் புழங்க இளகுது. ஒரு மாசம், ஒன்றரை மாசம் தாண்டியும் போகலை. மேனியும் இளைக்குது. பொன்னுதுரை அண்ணாச்சி பாதியைச் சொல்லிட்டாரு, மீதியை உன் கை சொல்லுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. ரத்தம் எடுத்து ஈ.எஸ்.ஆர். பாக்கணும். ரெண்டு கைக்கும் எக்ஸ்ரே. இன்னொரு ரத்தச் சோதனைக்கு மதுரைக்கு அனுப்பணும். அதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன். வியாதி இருக்கவங்களுக்கும் சில நேரம் இல்லைன்னு வரும்."

"போயிருமா?"

"போயிரும்னு பொய் சொல்ல மாட்டேன். கூடும், குறையும். சும்மா விட்டா விரல் கோணும். ஆஸ்பிரின் தாரேன். சாப்பிட்டுட்டுத்தான் போடணும், வயிறு எரிஞ்சாலும் காதுல ரீங்காரம் கேட்டாலும் உடனே வந்து சொல்லணும். வீக்கம் கூடுத அன்னைக்கு ஓய்வு. மத்த நாள் விரலுக்கு வேலை கொடுக்கணும். அதுக்கும் கேக்கலைன்னா தங்கம் சேத்த ஊசி மருந்து இருக்கு."

"தங்கமா?" கிருபை பதறினாள். "கழுத்துக்கே பத்தலை, இதுல ஊசிக்கு வேறயா?"

"டாக்டரம்மா," ஜெயபாய் மெதுவாகக் கேட்டாள். "ஆர்கன்?"

"வாசி. அதைவிட நல்ல பயிற்சி என்னால சொல்ல முடியாது. ஆனா ஆறரைக்கு வேண்டாம்."

கிருபை மருமகளின் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.

"அப்போ அதுக்குத்தான் அந்த டம்ளரா?"

"ஆமா அத்தை."

"எருமை! என் காப்பி எச்சில்னு நினைக்கான்னு தெரு முழுக்கச் சொல்லியிருக்கேனே. இனி ஒவ்வொரு வீடா ஏறி இல்லைன்னு சொல்லணும். என் முழங்காலுக்கு யாரு ஆஸ்பிரின் குடுப்பா?"

சொல்லிக்கொண்டே முந்தானையால் ஜெயபாயின் முகத்தைத் துடைத்தாள். பாத்திரம் துலக்குகிற அழுத்தத்தில்தான் துடைத்தாள். ஜெயபாய்க்கு அது போதுமாக இருந்தது.

*

வெளியே தேவபிரசாதமும் பொன்னுதுரையும் மூக்கும் மூக்கும் இடிக்க நின்றிருந்தார்கள். ஐயா நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். யாரையும் தொட அவருக்குப் பயமாக இருந்தது.

கிருபை பூசணிக்காயோடு படியில் ஏறி நின்றாள். டாக்டர் ஜெயபாயைப் பார்த்தார். ஜெயபாய் தலையசைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எம் மருமவளுக்கு மூட்டு வியாதி. காலையில விரல் மடங்காது. அதான் பாட்டு இழுத்துச்சு. ஐயா மேல பகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையை ஒடிக்கவும் இல்லை. இனி எவனாவது நாடகம் கீடகம்னு சொன்னா இந்தப் பூசணிக்காய் மண்டையில விழும்."

தேவபிரசாதத்தின் முகம் தொங்கிவிட்டது.

"ஏளா ஜெயம்," என்றார் தாழ்ந்த குரலில். "அப்போ நீ நம்ம கட்சிக்காக வாசிக்கலையா?"

"இல்லை மாமா."

"ஒரு ஞாயித்துக்கிழமைகூட?"

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எட்டரைன்னா விரல் கொஞ்சம் இளகும் மாமா" என்றாள்.

தேவபிரசாதம் நிமிர்ந்தார். டிரில் மைதானத்துக் குரல் வந்தது. "கேட்டீரா பொன்னுதுரை! டாக்டர் சாட்சி! எட்டரைதான் உடம்புக்கு நல்லதுன்னு மெடிக்கலா நிரூபணம் ஆயிட்டு!"

"நான் அப்படிச் சொல்லலை" என்றார் டாக்டர். யாரும் கேட்கவில்லை.

பொன்னுதுரை தலையைச் சொறிந்துகொண்டு ஜெயபாயின் அருகில் வந்தார். "தப்பா நினைச்சுட்டேம்மா. அசன விருந்துக்கு எங் கடை நெய்தான். உனக்கு ஒரு கரண்டி கூட ஊத்தச் சொல்லுதேன்."

ஐயா முன்னால் வந்தார். கையை நீட்டப் போனார். பாதியில் இழுத்துக்கொண்டார். "ஆராதனை ஆறரைக்குத்தான். அது மாறாது" என்றார். "ஆனா காலையில முதல்ல கீர்த்தனை பாடுவோம். அதுக்குத் தாளம் போதும். ஆர்கன் பாமாலை எல்லாம் கடைசியில வச்சுக்குவோம். அதுக்குள்ள சகோதரிக்குக் கை சரியாயிரும்."

"பாதி எட்டரை!" என்று கத்தினார் தேவபிரசாதம். "பாதி ஜெயிச்சாச்சுலே!"

அப்புறம் ஐயா ஜெயபாயைப் பார்த்து, இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். தூரத்தில் நின்று. அன்றைக்கு அதற்கப்புறம் வெளியே வந்த எல்லாருக்கும் கும்பிடுதான். கை கொடுப்பதிலிருந்து தப்பித்த சந்தோஷம் பலர் முகத்தில் தெரிந்தது.

வெள்ளாட்டைப் பிடிக்க ஆறரைக் கட்சியும் எட்டரைக் கட்சியும் சேர்ந்து ஓடினார்கள்.

*

அசனச் சாப்பாட்டின் வாசம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. ஆட்டுக்கறி, கத்திரிக்காய், மாங்காய் எல்லாம் சேர்ந்த வாசம். சாப்பாடு முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் கிருபை முன்வரிசையில் உட்காராத வருஷம் கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கிருபை நேராகச் சாமான் அறைக்குப் போனாள். ஜெயபாயின் பாயைச் சுருட்டி எடுத்து வந்து முற்றத்துக் கொடியில் வீசினாள். "இனி அந்த ரூம் வெங்காயத்துக்கு" என்றாள். அடுப்படிக்குப் போய்ப் பேர் வெட்டிய டம்ளரை எடுத்தாள்.

"அதை என்ன செய்யப் போறீங்க அத்தை?"

"ஏலத்துக்குக் கொண்டுபோறேன். எவனாவது ஜெயபாய்ங்கிற பேருள்ளவளைக் கட்டினவன் எடுத்துக்கிடட்டும்."

டம்ளரை இடுப்பில் செருகினாள். பிறகு மூடியிருந்த படுக்கையறைக் கதவைக் காட்டினாள்.

"அவன்ட்ட சொன்னியா?"

"தூங்குதாங்க. ராத்திரி முழுக்க முழிப்பு. சாயங்காலம் ஆராதனை முடிஞ்சு..."

"சாயங்காலம் அவன் ஷிப்டுக்குப் போயிருவான். காலையில நேரா ஏஜெண்ட்டைப் பாக்கப் போவான். பெறகு கப்பலுக்குக் கடுதாசி எழுதிச் சொல்லுவியா?"

பெருவியாதி இல்லை என்றதும் எல்லாம் முடிந்துவிட்டதாக ஜெயபாய் நினைத்திருந்தாள். இப்போதுதான் தெரிந்தது, முடியாத ஒன்று இருக்கிறது. இந்த மனுஷனிடம் என்ன சொல்வது? உங்களுக்கு ஒட்டிவிடும் என்று விலகியிருந்தேன் என்றா? நீங்கள் துரத்திவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றா? இரண்டாவதுதான் உண்மை. அதைச் சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"பயமா இருக்கு அத்தை."

"வியாதிக்குப் பயந்த, சரி. அவனுக்கு எதுக்குளா பயம்? அரிசி மூட்டையை எண்ணச் சொன்னாலே பாதியில தப்பவிடுதவன்."

கிருபை கதவைத் தள்ளினாள். அது திறந்துகொண்டது.

எஸ்றா தூங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முன்னால் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. பாதி அடுக்கியிருந்தது. இரண்டு சட்டை, ஒரு பைபிள், ஷேவிங் செட்டு. கையில் மூன்றாவது சட்டையை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா வெளிய ஒரே சத்தம்?" என்றான். நிமிர்ந்தான். ஜெயபாயைப் பார்த்தான். அவள் நெஞ்சோடு அணைத்திருந்த கையைப் பார்த்தான். ஐயா குலுக்கியதில் அது இன்னும் வீங்கியிருந்தது. காலை வெளிச்சத்தில் அந்தக் கையை அவன் இத்தனை மாதத்தில் பார்த்ததே இல்லை.

சட்டை கையிலிருந்து நழுவியது.

"ஏ, கை என்ன இப்படி இருக்கு?"

ஜெயபாய் வாயைத் திறந்தாள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரு அடி பின்னால் வைத்தாள்.

முதுகில் ஒரு தள்ளு விழுந்தது. பூசணிக்காய் சுமக்கிற கை. ஜெயபாய் அறைக்கு நடுவில் வந்து நின்றாள். காலில் தகரப்பெட்டி இடித்தது.

"பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க," கிருபையின் குரல் கேட்டது. "நான் ஏலத்துல இருப்பேன். சாவி எங்கிட்டதான் இருக்கும்."

"அத்தை, சாயங்காலம் ஆர்கனுக்கு நான்..."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாதாங்கி விழுந்தது. பிறகு பூட்டு.